காலையில் இனாரி மலை, பிற்பகலில் ஆயிரம் கன்னோன்

ஜப்பானின் கியோத்தோ நகருக்குப் போகிறவர்கள் ஒரு நாளைக்கு ஏழெட்டுக் கோயில் என்று பட்டியல் போடுகிறார்கள். இரண்டு போதும். ஒன்று அந்நாட்டுப் பூர்விக மதமான ஷிந்தோவின் கோயில், இன்னொன்று பௌத்தக் கோயில். ஷிந்தோ கோயிலை 'ஜின்ஜா' என்பார்கள், வாசலில் 'தோரி' என்ற மர வளைவு நிற்கும். பௌத்தக் கோயில் 'தேரா', பெயர் பெரும்பாலும் 'ஜி' என்று முடியும். இரண்டிலும் கும்பிடும் முறை வேறு. ஜின்ஜாவில் கை தட்டிக் கும்பிட வேண்டும், தேராவில் தட்டவே கூடாது. வெளியூர்க்காரர்கள் அதிகம் தவறுவது இங்கேதான்.

ஜின்ஜாவுக்கு ஃபுஷிமி இனாரியைச் சொல்வேன். கி.பி. 711இல் தோன்றியது. கட்டணம் கிடையாது, இரவும் பகலும் திறந்திருக்கும். கியோத்தோ நிலையத்திலிருந்து ஜேஆர் நாரா ரயில் தடத்தில் இரண்டாவது நிறுத்தம் 'இனாரி', ஐந்து நிமிடம்தான். எல்லா நிலையத்திலும் நிற்கும் வண்டியில்தான் ஏற வேண்டும். விரைவு வண்டி இனாரியில் நிற்காமல் போய்விடும். காலை ஏழு மணிக்குள் சேர்ந்துவிடுங்கள். ஒன்பதுக்கு மேல் தோரிகளுக்குள் நின்று கும்பிட முடியாது, கூட்டம் தள்ளிக்கொண்டு போகும்.

தோரிக்கு முன் நின்று ஒருமுறை தலை வணங்கி, ஓரமாக நடந்து உள்ளே போங்கள். நடுப்பாதை தெய்வத்துக்கு உரியது. செருப்பைக் கழற்றத் தோன்றும், வேண்டாம். மரத்தளம் போட்ட மண்டபத்தில் ஏறும்போது மட்டும் கழற்றினால் போதும்.

அடுத்து கை கழுவும் தொட்டி. வலக்கையில் அகப்பையை எடுத்து ஒரே ஒரு முகவை நீர் மொள்ளுங்கள். எல்லாவற்றையும் அந்த ஒரு முகவைக்குள் முடிக்க வேண்டும். முதலில் இடக்கை, பிறகு அகப்பையை மாற்றிப் பிடித்து வலக்கை. மறுபடி வலக்கைக்கு மாற்றி, இடது உள்ளங்கையில் நீர் ஊற்றி வாய் கொப்பளித்து, அந்தக் கையை மீண்டும் கழுவுங்கள். மிச்சம் இருக்கும் நீர் காம்பில் வழியும்படி அகப்பையை நிமிர்த்திக் கவிழ்த்து வைத்தால் அடுத்தவருக்குச் சுத்தமாக இருக்கும். அகப்பையில் வாய் வைக்கக் கூடாது. தீர்த்தம் என்று நினைத்து விழுங்கிவிடவும் கூடாது, தொட்டிக்கு வெளியே கீழே உமிழ வேண்டும். கொரோனாவுக்குப் பிறகு பல இடங்களில் அகப்பையை எடுத்துவிட்டார்கள். மூங்கில் குழாயில் விழும் நீரில் கை கழுவினால் போதும்.

சன்னதியில் காணிக்கைக்கு நடுவில் துளையுள்ள 5 யென் காசு விசேஷம். 'கோஎன்' என்ற அதன் ஒலிக்கு உறவு, பந்தம் என்றும் பொருள். வழியில் கடைகளில் மிச்சமாகக் கிடைப்பதைச் சேர்த்து வையுங்கள். காசை வீசாமல் மெல்ல விட்டு, கயிறு இருந்தால் மணியை ஒலித்து, இடுப்பு வளைய இரண்டு முறை வணங்குங்கள். மார்புக்கு நேரே கைகளைச் சேர்த்து, வலக்கையைச் சற்றே கீழிறக்கி இரண்டு முறை தட்டி, விரல்களை நேராக்கி வேண்டிக்கொண்டு, கடைசியில் ஒரு வணக்கம். ஜப்பானியர் பலர் மனசுக்குள் முதலில் தம் பெயரையும் ஊரையும் சொல்லிக்கொள்வார்கள். நாம் அர்ச்சனைக்குப் பெயர், நட்சத்திரம் சொல்வது போலத்தான்.

இனாரி நெல்லுக்கும் விளைச்சலுக்கும் வியாபாரத்துக்கும் உரிய தெய்வம். வழியெல்லாம் நிற்கும் நரிகள் அந்தத் தெய்வம் அல்ல, அதன் தூதர்கள். வாயில் நெற்கதிரோ களஞ்சியத்துச் சாவியோ கவ்வியிருக்கும், கவனித்துப் பாருங்கள். 233 மீட்டர் உயர மலை முழுக்க ஏறத்தாழ பத்தாயிரம் தோரிகள், எல்லாம் நேர்த்திக்கடனாகவும் நன்றியாகவும் கொடுக்கப்பட்டவை. ஏறும்போது குங்கும நிறம் மட்டுமே தெரியும். இறங்கும்போதுதான் கொடுத்தவர் பெயரும் தேதியும் தூணில் தெரியும். நம் ஊர்க் கோயில்களின் 'உபயம்' எழுத்து அங்கே நிச்சயம் நினைவுக்கு வரும். முழுச் சுற்றுக்கு இரண்டிலிருந்து மூன்று மணி நேரம் பிடிக்கும், படிகள் அதிகம். முழங்கால் வலி உள்ளவர்கள் பாதி மலையில் ஊர் முழுக்கத் தெரியும் யொத்சுத்சுஜி வரை போய்த் திரும்பலாம், குறையில்லை.

கீழே இறங்கியதும் கெய்ஹான் ரயில் தடத்தில் ஏறி ஷிசிஜோ நிலையத்தில் இறங்குங்கள். அங்கிருந்து சில நிமிட நடையில் நம் இரண்டாவது கோயில், பௌத்தத் தேராவான சன்ஜூசன்கென்தோ. பெரியவர்களுக்கு 600 யென். மூடுவதற்கு அரை மணி முன்பே நுழைவு நின்றுவிடும், குளிர்காலத்தில் சீக்கிரம் மூடுவார்கள். இங்கே காலணியைக் கழற்ற வேண்டும். தரை மரத்தளம், குளிர்காலத்தில் பாதம் விறைத்துப்போகும், தடித்த காலுறை அவசியம். படம் எடுக்க அனுமதி கிடையாது.

தூண்களுக்கிடையே 33 அங்கணம், அதாவது இடைவெளி, உள்ளதால் இந்தப் பெயர். மண்டபம் சுமார் 120 மீட்டர் நீளம். 1164இல் கட்டியது 1249இல் எரிந்துபோக, இப்போதுள்ளதை 1266இல் எழுப்பினார்கள். உள்ளே ஆயிரங்கைக் கன்னோன், அதாவது நம் பழைய நூல்களில் வரும் அவலோகிதர் என்ற போதிசத்துவர். நடுவில் அமர்ந்த பெரிய மூர்த்தி தங்கெய் என்ற சிற்பி 1254இல், 82 வயதில் செய்தது. இரு பக்கமும் ஐந்நூறு ஐந்நூறாக நின்ற திருமேனிகள். அவற்றில் 124 தீயிலிருந்து காப்பாற்றப்பட்டவை. கைகளை எண்ணினால் 42தான் வரும். கூப்பிய இரண்டை விட்டு, மற்ற நாற்பதில் ஒவ்வொன்றும் 25 உலகங்களைக் காப்பதாகக் கணக்கு, அதனால் ஆயிரம்.

முன்வரிசையில் நிற்கும் 28 காவல் தெய்வங்களுக்குத்தான் நம்மவர்கள் நேரம் ஒதுக்க வேண்டும். பிரம்மா அங்கே போன்தென், இந்திரன் தைஷாகுதென். அலகும் சிறகுமாகக் குழல் ஊதும் 'கருரா' நம் கருடன். எலும்பு தெரிய மெலிந்த கிழத் தவசி வசு முனிவர். இரு முனைகளிலும் காற்றுத் தெய்வமும் இடித் தெய்வமும் மேகத்தின் மேல் நிற்கிறார்கள். ஓட்டமாக நடந்தால் இருபது நிமிடத்தில் வெளியே வந்துவிடலாம். ஒரு மணி நேரம் கொடுங்கள்.

கும்பிடும்போது கை தட்டாமல் கூப்பினால் போதும். வாசற்படியை மிதிக்கக் கூடாது என்பது நமக்குப் பழகியதுதான். ஊதுபத்தி ஏற்றும் தேராக்களில் பிறர் ஏற்றிய சுடரிலிருந்து பற்றவைக்காதீர்கள். அவர் வினை நம்மிடம் வரும் என்று அங்கே நம்பிக்கை.

'கோஷுயின்' என்ற முத்திரை எழுத்து வேண்டுமானால் முதலில் தரிசனம், பிறகுதான் அது. தரிசித்ததற்கான சான்று அது. அதற்கென்று விற்கும் மடிப்புப் புத்தகத்தில் மட்டுமே எழுதுவார்கள், சாதாரண நோட்டை நீட்டினால் மறுப்பதுண்டு. எழுத வேண்டிய பக்கத்தைத் திறந்து கொடுங்கள். 300 முதல் 500 யென் வரை சில்லறையாக வைத்திருங்கள், அட்டையை நம்பாதீர்கள். எழுதும்போது பேச்சும் படமும் வேண்டாம். மை ஒட்டாமலிருக்க நடுவில் ஒரு மெல்லிய தாள் வைத்துத் தருவார்கள். காயும்வரை அதை எடுத்துவிடாதீர்கள்.