பரலோகம் என்று சொல்லி நிறுத்திவிடாதீர்கள், உயிர்த்தெழுதலையும் சொல்லுங்கள்

"தாத்தா பரலோகத்துக்குப் போயிட்டாரு." கிறிஸ்தவ வீட்டில் ஒரு மரணம் நடந்தால் பிள்ளைகளிடம் நாம் சொல்வது பெரும்பாலும் இந்த ஒரு வரிதான். இதில் தவறு எதுவும் இல்லை, ஆனால் நம் விசுவாசத்தில் இது பாதிதான். அதுவும் சின்னப் பிள்ளைக்கு எளிதில் பிடிபடாத பாதி.

சண்டே ஸ்கூலில் சின்னப் பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்கிறேன். மரணம் பற்றிப் பேச்சு வந்தால் ஆத்துமாவைப் பற்றி ஒரு பிள்ளையும் கேட்பதில்லை. அங்கே தாத்தாவுக்குக் கால் வலிக்குமா, கண்ணாடியை இங்கேயே விட்டுட்டுப் போயிட்டாரே எப்படிப் படிப்பார், பசிச்சா யார் சாப்பாடு கொடுப்பாங்க, நான் பெரியவனா வளர்ந்து போனா என்னை அடையாளம் தெரியுமா, இப்படி எல்லாமே உடம்பைப் பற்றிய கேள்விகள். "அங்கே உடம்பெல்லாம் கிடையாது, ஆவியாத்தான் இருப்போம்" என்று சொல்லி முடித்துவிட்டால் பிள்ளையின் மனதில் மிஞ்சுவது மேகத்தில் மிதக்கிற ஒரு வெள்ளை உருவம். அது அவனுடைய தாத்தா இல்லை. அவனுக்கு அது தெரியும்.

இந்த இடத்தில் வேதம் நம்மைவிடப் பிள்ளைகளுக்கு நெருக்கமாகப் பேசுகிறது. லூக்கா 24-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். உயிர்த்தெழுந்த இயேசு சீஷர்கள் நடுவே வந்து நிற்கிறார், அவர்கள் ஏதோ ஆவியைப் பார்ப்பதாக நினைத்து நடுங்குகிறார்கள். அவர் தம் கைகளையும் கால்களையும் காட்டுகிறார், தொட்டுப் பாருங்கள் என்கிறார், அப்போதும் அவர்களால் நம்ப முடியவில்லை என்றதும் சாப்பிட ஏதாவது இருக்கிறதா என்று கேட்டு, பொரித்த மீனை வாங்கி அவர்கள் கண்முன்னே சாப்பிடுகிறார். இதைப் பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்டுங்கள், அவசரப்படாமல், மீன் வருகிற இடம் வரைக்கும். பசியைப் பற்றிக் கேட்ட பிள்ளை நிமிர்ந்து உட்காருவான். "அடையாளம் தெரியுமா" என்று கேட்ட பிள்ளைக்கு யோவான் 20 இருக்கிறது. கல்லறைத் தோட்டத்தில் மகதலேனா மரியாள் இயேசுவைத் தோட்டக்காரன் என்று நினைக்கிறாள், அவர் பேர் சொல்லிக் கூப்பிட்டதும் அறிந்துகொள்கிறாள். அதே அதிகாரத்தில் தோமாவுக்கு அவர் காட்டுகிற காயங்களும் அதே காயங்கள்தான். உடம்பு மாறியிருக்கிறது, பூட்டிய அறைக்குள் வருகிறது, ஆனால் ஆள் மாறவில்லை.

ஞாயிறுதோறும் விசுவாசப் பிரமாணத்தில் சரீரம் உயிர்த்தெழும் என்று வாயால் சொல்கிறோமே, அதன் பொருள் இதுதான். பவுல் 1 கொரிந்தியர் 15-ல் கிறிஸ்துவை முதற்பலன், அதாவது அறுவடையில் முதலில் வருகிற விளைச்சல், என்கிறார். அவருக்கு நடந்தது அவருடையவர்களுக்கும் நடக்கும். எப்படிப்பட்ட சரீரம் என்று கேட்கிறவர்களுக்கு விதையைக் காட்டுகிறார். புதைக்கிற விதையும் முளைத்து வருகிற செடியும் ஒரே உயிர், ஆனால் பார்க்க ஒன்றுபோல இல்லை. பெரியவர்களுக்காக எழுதியதுதான், ஆனாலும் ஒரு விதையை நட்டுக் காத்திருந்து பார்த்த பிள்ளைக்கு இது நன்றாகவே புரிகிறது.

சரி, அப்படியென்றால் தாத்தா இப்போது எங்கே? இந்தக் கேள்வி கட்டாயம் வரும். அவர் இயேசுவோடு இருக்கிறார், கடைசி நாளில் எழுந்திருப்பார் என்று நான் சொல்கிறேன். சிலுவையில் பக்கத்தில் தொங்கிய கள்வனிடம் இன்றைக்கே நீ என்னோடு பரதீசில் இருப்பாய் என்று இயேசு சொன்னார், எனக்கு அது போதும். சபைக்குச் சபை இதில் வித்தியாசம் உண்டு. கத்தோலிக்கர், பரலோகம் சேருமுன் ஆத்துமா சுத்திகரிக்கப்படுகிற உத்தரிக்கிற ஸ்தலத்தைப் பற்றிக் கற்பிக்கிறார்கள், நவம்பர் 2-ல் இறந்தவர்களுக்காகச் சிறப்பாக ஜெபிக்கிறார்கள். அட்வென்டிஸ்ட் சபையார் உயிர்த்தெழுதல் வரை மரித்தவர்கள் உறக்கத்தில் இருப்பதாக நம்புகிறார்கள். உங்கள் சபை போதிப்பதைச் சொல்லிக் கொடுங்கள். கடைசியில் உயிர்த்தெழுதல் உண்டு என்பதில் இவர்கள் எல்லாரும் ஒன்றுதான்.

ஆனால் இதற்கெல்லாம் முன்னால் ஒன்று இருக்கிறது. இறந்துவிட்டார் என்பதைத் தெளிவாகச் சொல்லியாக வேண்டும். ஐந்து வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகளில் பலருக்கு, இறந்தவர் திரும்பி நடந்து வீட்டுக்கு வரமாட்டார் என்பதே பிடிபடாது. அவர்களிடம் போய் "தூங்குறாரு" என்றால் எப்போது எழுந்திருப்பார் என்று பிள்ளை காத்திருக்கும், இல்லை, தானும் தூங்கினால் அப்படி ஆகிவிடுவோமோ என்று ராத்திரி பயந்து முழித்திருக்கும். இறந்துபோன தம் நண்பன் லாசருவைப் பற்றி, அவன் நித்திரையாயிருக்கிறான் என்று இயேசு சொன்னபோது சீஷர்களே அதைச் சாதாரணத் தூக்கம் என்றுதான் எடுத்துக்கொண்டார்கள், அதனால் அவர் லாசரு மரித்துப்போனான் என்று வெளிப்படையாகச் சொன்னார். கூடவே இருந்த பெரியவர்களுக்கே அப்படிச் சொல்ல வேண்டியிருந்தது. "உடம்பு வேலை செய்யறது நின்னுபோச்சு, இனி மூச்சு விடமாட்டார், வலிக்காது, இங்கே திரும்பி வரமாட்டார்" என்று முதலில் சொல்லுங்கள். அப்புறம் நம்பிக்கையைச் சொல்லுங்கள்.

"நல்லவங்களைக் கடவுள் சீக்கிரம் கூப்பிட்டுக்குவார்" என்பதைத் தயவுசெய்து சொல்லாதீர்கள். ஆறுதலுக்காகச் சொல்வதுதான், தெரியும், ஆனால் அதைக் கேட்கிற பிள்ளைக்கு நல்ல பிள்ளையாக இருப்பதே ஆபத்தாகத் தோன்றும். தம்பிப் பாப்பா தேவதூதனாகிவிட்டான் என்பதும் நம் போதனை இல்லை. தூதர்கள் தனிப் படைப்பு, மனிதர் இறந்து தூதராவதில்லை.

அழுகைக்கும் இடம் கொடுங்கள். விசுவாசம் இருந்தால் அழக்கூடாது என்று பிள்ளைகளை அடக்குகிற பெரியவர்களைப் பார்க்கும்போது எனக்குக் கோபம் வருகிறது. இன்னும் சற்று நேரத்தில் லாசருவை எழுப்பப்போகிறோம் என்று தெரிந்திருந்தும் இயேசு கண்ணீர் விட்டார். பவுலும் அழாதீர்கள் என்று சொல்லவில்லை, நம்பிக்கையில்லாதவர்களைப்போல் துக்கப்படாதீர்கள் என்றுதான் சொன்னார்.

நரகத்தைப் பற்றி என்ன செய்வது என்று பெற்றோர் கேட்கிறார்கள். மறைக்கத் தேவையில்லை. இயேசுவே நியாயத்தீர்ப்பைப் பற்றிப் பேசியிருக்கிறார், செய்த தீமைக்குக் கணக்கு உண்டு என்பது பிள்ளைகளுக்கும் நியாயமாகவே படுகிறது. ஆனால் சோறு சாப்பிடாததற்கும் பொய் சொன்னதற்கும் "நரகத்துக்குப் போவே" என்று மிரட்டுவது, கடவுளிடம் ஓடிவர வேண்டிய பிள்ளையை அவரைக் கண்டு ஒளிந்துகொள்ள வைக்கிற வேலை. சிறுபிள்ளைகள் என்னிடத்தில் வர இடங்கொடுங்கள் என்றவரின் பேரில் அதைச் செய்யவே கூடாது.

கொஞ்சம் வளர்ந்த பிள்ளைகள் இன்னொன்று கேட்பார்கள். "என் ஃபிரெண்டு சர்ச்சுக்கு வரமாட்டான், அவன் எங்கே போவான்?" ஒருவனுடைய முடிவைச் சொல்லும் அதிகாரம் எனக்கோ அந்தப் பிள்ளைக்கோ கிடையாது. "சர்வலோக நியாயாதிபதி நீதிசெய்யாதிருப்பாரோ" என்று ஆபிரகாம் கேட்ட கேள்வியை அவர்களோடு சேர்ந்து வாசிக்கிறேன். உன் நண்பனை உன்னைவிடக் கடவுள் அதிகமாக நேசிக்கிறார், அவனுக்காக ஜெபம் பண்ணு, அவனோடு எப்போதும் போல விளையாடு என்று சொல்கிறேன்.