கிரயம் முடிஞ்சும் சாவி கைக்கு வராத மூணு மாசம்

2023 டிசம்பர் வெள்ளத்துல திருநெல்வேலி ஆத்தங்கரையோரம் மீனாட்சிபுரத்துல நாங்க வாடகைக்கு இருந்த வீட்டுக்குள்ள இடுப்பளவு தண்ணி. அம்மாவ மாடி வீட்டுக்காரவ வீட்டுல கொண்டு ஒக்கார வச்சுட்டு ரெண்டு நாள் அங்கனயேதான் கெடந்தோம். அன்னைக்கே முடிவு பண்ணிட்டேன், அடுத்த ஐப்பசி மழைக்குள்ள மேட்டுல ஒரு சொந்த வீட்டுக்கு போயிரணும்னு.

தேடி அலைஞ்சு பாளையங்கோட்டை மகாராஜநகர்ல ஒரு பழைய வீடு அமைஞ்சுது. 38 லட்சம், அதுல பேங்க் லோன் 26. 2024 வைகாசியில கிரயம் முடிஞ்சுது. முத்திரைத்தாள் 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம்னு கையில இருந்த சேமிப்பு பூரா அங்கனயே கரைஞ்சிருச்சு. வித்த அண்ணாச்சி நல்ல மனுஷர், இன்னைக்கும் அப்படித்தான் சொல்லுவேன். பதிவு ஆபீஸ் வாசல்ல வச்சு, "தம்பி, ரெட்டியார்பட்டியில கட்டுத வீட்டுல கொஞ்சம் வேல பாக்கி கெடக்கு, ஆனித் தேரோட்டம் முடிஞ்சதும் காலி பண்ணித் தந்துருதேன்"னாவ. ஒரு மாசம்தானேன்னு நானும் வாய் வார்த்தையா சரின்னுட்டேன். பேங்க் டிடி, நான் கொடுக்க வேண்டிய மிச்சம் எல்லாம் அவுக கைக்கு போயாச்சு, ஒத்த ரூவா நான் பிடிச்சு வைக்கல.

தப்பு அங்கதான். நம்ம தமிழ்நாட்டுல 2012 டிசம்பர்ல இருந்து கிரயத்துக்கு முன்னால போடுத கிரய ஒப்பந்தத்தையும் பதியணும், நாங்களும் பதிஞ்சோம், ஆனா என்னைக்கு காலி பண்ணணும்னு அதுல ஒரு வரி கூட இல்ல. வீடு வாங்கப் போறவங்க அந்தத் தேதிய ஒப்பந்தத்துலயே போடச் சொல்லுங்க, சாவி கைக்கு வர்ற வரைக்கும் ஒரு ரெண்டு லட்சமாவது உங்க கையில நிக்கிற மாரி எழுதச் சொல்லுங்க.

ஜூன் 21 நெல்லையப்பர் தேர் ஓடி நிலைக்கு வந்துருச்சு. ஒரு வாரம் விட்டு போய்க் கேட்டா அண்ணாச்சியோட அம்மாவுக்கு மேலுக்கு சரியில்லைன்னாவ, ஆச்சி தார்சாவுல கட்டில்ல படுத்துருந்தாவ, அண்ணாச்சி வீட்டம்மா மைனி காப்பி போட்டுக் கொடுத்தாவ, அந்த எடத்துல நான் என்னத்த கேக்க. ஜூலையில போனா, "ஆடி பொறக்கப் போகுது, ஆடியில யாராவது வீடு மாறுவாவளா தம்பி"ன்னு மைனி கேக்காவ. நியாயம்தான். ஆனா ஆவணியையும் விட்டுட்டா புரட்டாசியில பால் காய்ச்ச எங்க அம்மா ஒத்துக்கிட மாட்டாவ, அதுக்கடுத்தது ஐப்பசி, மறுபடியும் ஆத்தங்கரையில மழைக்காலம். ராத்திரி படுத்தா இந்தக் கணக்குதான் ஓடும். மாசம் இஎம்ஐ 23 ஆயிரம், வாடகை 7,500, இதுல ஆனியோட காலி பண்ணுதோம்னு சொல்லி வச்சதால வாடகை வீட்டுக்காரரும் நெருக்க ஆரம்பிச்சுட்டாரு.

சொந்தத்துல ஒரு தம்பி, "நாலு பேர கூட்டிட்டுப் போய் கரண்ட்ட புடுங்கி விடுவோம்ணே"ன்னான். கோவத்துல எனக்கும் சரின்னுதான் பட்டுச்சு. நல்லவேளை அதுக்கு முன்னால ஒரு வக்கீலப் போய் பாத்தேன். கரண்ட், தண்ணிய நிறுத்துறது, சாமான வெளிய தூக்கி வைக்கிறது எதையும் செஞ்சிராதீங்க, செஞ்சா புகார் உங்க மேலதான் திரும்பும்னாரு. ஸ்டேஷனுக்குப் போனாலும் சிவில் விவகாரம்னு கோர்ட்டுக்குத்தான் கை காட்டுவாங்களாம். அப்புறம் என் பத்திரத்த வாங்கி ஒவ்வொரு பக்கமா வாசிச்சு ஒரு வரியில பென்சில வச்சாரு, "மேற்படி சொத்தை இன்றே தங்கள் சுவாதீனத்தில் ஒப்படைத்துவிட்டேன்". எனக்கு பக்குன்னு ஆயிருச்சு, கையெழுத்து போட்ட அன்னைக்கு இந்த வரிய நான் படிக்கவே இல்ல. பத்திரத்துப்படி வீடு ஏற்கனவே என் கையில இருக்கு, உள்ள இருக்கது அவுக குடும்பம்.

இன்னொன்னு சொன்னாரு, அதுக்காகத்தான் முக்கியமா இத எழுதுதேன். அண்ணாச்சி அந்தச் சமயம், "வேணும்னா மாசம் 8 ஆயிரம் வாடகையா ஜிபேல போட்டு விடுதேன்"னு சொல்லிருந்தாவ, நானும் இஎம்ஐக்கு ஆகுமேன்னு வாங்கத்தான் இருந்தேன். வக்கீல் வாங்கவே கூடாதுன்னுட்டாரு. வாடகைன்னு பணம் வாங்கிட்டா நாளைக்கு அவுக "நாங்க வாடகைதாரர்"னு சொல்ல வழி கெடைச்சிரும், அப்புறம் 2019ல அமலுக்கு வந்த வாடகைச் சட்டத்துக்குள்ள போய் வாடகை நீதிமன்றம் வரைக்கும் நடக்கணும். அதுக்குப் பதிலா, உரிமையாளர் அனுமதியில இன்ன தேதி வரைக்கும் தங்கியிருக்கோம், வாடகைக்கு இல்லைன்னு ஒரு கடிதம் எழுதி வாங்குங்கன்னாரு.

அண்ணாச்சி கடிதத்துல கையெழுத்து போட மாட்டேன்னுட்டாவ, என் மேல நம்பிக்கை இல்லையான்னு வருத்தம். அதனால வக்கீல் நோட்டீஸ் ரிஜிஸ்டர் தபால்ல போச்சு. 1882ம் வருஷச் சொத்து மாற்றுச் சட்டம் 55ம் பிரிவுப்படி, வாங்கினவர் கேட்டா சொத்த ஒப்படைக்க வேண்டியது வித்தவர் கடமை, இத்தன நாளுக்குள்ள ஒப்படைக்கலைன்னா வழக்கு, இழப்பீடுன்னு அதுல இருந்துச்சு. ஒப்புகை அட்டை அண்ணாச்சி கையெழுத்தோட திரும்பி வந்த அன்னைக்கு சாயங்காலம் மைனி போன் பண்ணி அழுதாவ, "கேட்டா தர மாட்டோமா, நோட்டீஸா விடணும்"னு. எனக்கும் கஷ்டமாத்தான் இருந்துச்சு. ஆனா அந்த நோட்டீஸ் போகலைன்னா எதுவும் நகந்துருக்காது.

உண்மையச் சொன்னது புரோக்கர்தான். கமிஷன்ல 18 ஆயிரத்த சாவி வந்தப்புறம் தாரேன்னு நான் நிப்பாட்டி வச்சுருந்ததால அவர் தெனமும் அங்க போய் நின்னாரு. வித்த பணம் பாதி மக கல்யாணக் கடனுக்கே போயிருச்சாம், புது வீட்டு வேல நின்னு ரெண்டு மாசம் ஆச்சாம். அவரோட பைக்லயே ரெட்டியார்பட்டிக்குப் போய் பாத்தேன். நிலை மட்டும் நிக்குது, கதவு இல்ல, தரையில வெறும் ஜல்லி, பாத்ரூமுக்கு தார்ப்பாய கட்டித் தொங்க விட்டுருக்காவ. அந்த வீட்டுக்கு வயசான ஆச்சிய எப்படிக் கூட்டிட்டுப் போவாவ. வாடகைக்கு போலாம்னா அட்வான்ஸுக்கு கையில காசு இல்ல, அத எங்கிட்ட சொல்ல அண்ணாச்சிக்கு கூச்சம்.

மறுநாள் நேரா போய், "அண்ணாச்சி, அட்வான்ஸ் 30 ஆயிரம் நான் தாரேன், சாவி கொடுக்குத அன்னைக்கு"ன்னேன். ஏமாளின்னு வீட்டுல ஏசுனாவ. ஒவ்வொரு மாசமும் இஎம்ஐ, வாடகைன்னு எனக்கு 30,500 போகுது, கேஸுன்னு போனா எத்தன மாசம்னு யாரு கண்டா. அவுக தலைய குனிஞ்சுட்டு கொஞ்ச நேரம் பேசாம இருந்துட்டு கடிதத்த எடுங்கன்னாவ. முத்திரைத்தாள்ல ஆகஸ்ட் 25, ஆவணி 9 வரைக்கும் அனுமதி, அதுக்கு மேல நாளைக்கு ஆயிரம் இழப்பீடு, சாட்சி ரெண்டு பேரு.

27ம் தேதி காலி பண்ணினாவ. அந்த ரெண்டு நாளுக்கு நான் எதுவும் கேக்கல. மீட்டர் ரீடிங்க போட்டோ எடுத்து, கரண்ட் பில், வீட்டு வரி ரசீது எல்லாம் வாங்கி, ஒவ்வொரு ரூமா பாத்துட்டு அப்புறம்தான் 30 ஆயிரத்த கொடுத்தேன். சாவி மூணும் ஒரு மஞ்சக் கயித்துல கோத்து இருந்துச்சு. ஆச்சி ஆட்டோவுல ஏறுததுக்கு முன்னால வாசல் நிலைய ஒருக்கா தொட்டுக் கும்பிட்டுட்டு, "புறவாசல்ல கறிவேப்பில நிக்கி, பட்டுப் போயிராம பாத்துக்கோப்பா"ன்னாவ.

ஆவணியிலயே பால் காய்ச்சிட்டோம். ஐப்பசியில மொத மழ கொட்டுன ராத்திரி ரெண்டு மணி இருக்கும், அம்மா எந்திச்சுப் போய் வாசல் லைட்டப் போட்டு தெருவையே பாத்துட்டு நின்னாவ, தண்ணி ஏறலைன்னு பாத்துட்டு வந்து படுத்தாவ.