எம்.ஏ. சீட்டும் ஓபிசி சான்றிதழும்: பி.ஏ. கடைசி வருடத்தில் இருப்பவர்களுக்கு

ஒரு மத்தியப் பல்கலைக்கழகத்தில் எம்.ஏ. வரலாறு சேர்ந்துவிட்டேன். ஓபிசி (இதர பிற்படுத்தப்பட்ட வகுப்பினர்) இடத்தில்தான் கிடைத்தது. தேர்வுக்குப் படித்த பாட்டைவிட அந்த ஓபிசி சான்றிதழுக்காகப் பட்ட பாடு அதிகம். இப்போது பி.ஏ. கடைசி வருடத்தில் இருப்பவர்களுக்கு அந்த அலைச்சலில் பாதியாவது மிச்சமாகட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

தேர்வைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2022 முதல் பெரும்பாலான மத்தியப் பல்கலைக்கழகங்களின் முதுகலைச் சேர்க்கை கியூட் பி.ஜி. என்ற பொது நுழைவுத் தேர்வின் வழியாகத்தான் நடக்கிறது. சரியான விடைக்கு 4 மதிப்பெண், தவறான விடைக்கு ஒன்று போய்விடும். மொழிப்பாடங்கள் போன்ற சிலவற்றைத் தவிர கேள்வித்தாள் ஆங்கிலத்திலும் இந்தியிலும்தான் இருக்கும். நான் தமிழ் வழியில் படித்தவள். என்சிஇஆர்டி வரலாற்றுப் புத்தகங்களை ஆங்கிலத்திலேயே திரும்பத் திரும்ப வாசித்ததில் பயம் போய்விட்டது. தமிழ் வழி என்பதற்காக யாரும் ஒதுங்கிவிடாதீர்கள்.

யாரும் முன்கூட்டியே சொல்லாத விஷயம் ஒன்று உண்டு. கியூட் மதிப்பெண் வந்ததும் இடத்தைத் தானாக ஒதுக்க மாட்டார்கள். ஜே.என்.யு., ஹைதராபாத், புதுச்சேரி, திருவாரூர் என்று எங்கெல்லாம் ஆசையோ அங்கெல்லாம் அந்தந்தப் பல்கலைக்கழகத்தின் இணையதளத்தில் தனித்தனியாகப் பதிவு செய்யவேண்டும். கடைசி தேதியும் ஒவ்வொன்றுக்கும் வேறு. என்னோடு படித்த ஒருத்தி என்னைவிட நல்ல மதிப்பெண் வைத்திருந்தாள். கவுன்சலிங்குக்குக் கூப்பிடுவார்கள் என்று காத்திருந்தே ஒரு வருடத்தை இழந்துவிட்டாள். இன்னமும் எனக்கு ஆறவில்லை.

சரி, சான்றிதழுக்கு வருகிறேன்.

பள்ளியில் வாங்கிய நிரந்தரச் சாதிச் சான்றிதழ் நம் எல்லோரிடமும் இருக்கிறது. அதில் பி.சி. என்றோ எம்.பி.சி. என்றோ இருக்கும். அது மாநில அரசின் இடஒதுக்கீட்டுக்கு மட்டும்தான் செல்லும். மத்திய அரசின் 27 சதவீத ஒதுக்கீட்டுக்கு, கிரீமி லேயரில் (வசதி மிகுந்தவர்கள் என்று ஒதுக்கீட்டிலிருந்து விலக்கப்படும் பிரிவில்) இல்லை என்று குறிப்பிடும் ஓபிசி சான்றிதழ் தனியாக வேண்டும். அதற்கு முன்னால் உங்கள் சாதி மத்திய அரசின் ஓபிசி பட்டியலிலும் இருக்கிறதா என்று பாருங்கள். மாநிலப் பட்டியலில் இருப்பதெல்லாம் அங்கே இருப்பதில்லை. இ-சேவை மையத்தில் இதைக் கேட்டபோது, "அதான் கம்யூனிட்டி கார்டு இருக்கே, அப்புறம் எதுக்கு இன்னொண்ணு?" என்றார் அங்கிருந்தவர். படிவத்தில் ஓபிசி சான்றிதழ் என்று இருந்த வரியை நானே திரையில் காட்டிய பிறகுதான் பதிவு செய்தார்.

வி.ஏ.ஓ., ஆர்.ஐ. இருவரிடமும் சிக்கல் இல்லை. தாலுகா அலுவலகத்தில்தான் மாட்டியது. அப்பா அரசுத் துறையில் குரூப் சி ஊழியர். வீட்டுக்குக் கொஞ்சம் நிலமும் உண்டு. அங்கிருந்த எழுத்தர் அப்பாவின் சம்பளச் சீட்டைத் திருப்பி வைத்து, அதன் பின்பக்கத்திலேயே பென்சிலால் மாதச் சம்பளத்தைப் பன்னிரண்டால் பெருக்கினார். கீழே நிலத்து வருமானத்தை எழுதிக் கூட்டினார். கடைசி எண்ணைச் சுற்றி ஒரு வட்டம் போட்டு, "எட்டு லட்சம் தாண்டுதேம்மா. நீங்க கிரீமி லேயர். கிடைக்காது" என்றார். விண்ணப்பமும் நிராகரிக்கப்பட்டது. அப்பா, "விடும்மா, ஓ.சி.யிலயே போட்டுக்கலாம்" என்று சொல்லிவிட்டார்.

எனக்கு மனசு கேட்கவில்லை. கல்லூரியில் எங்கள் துறைப் பேராசிரியர் ஒருவர்தான் மூல ஆணையைத் தேடிப் படிக்கச் சொன்னார். மத்தியப் பணியாளர் துறை 8.9.1993 அன்று வெளியிட்டது, எண் 36012/22/93. வருமான வரம்பைப் பேசும் பகுதியின் விளக்கத்தில், சம்பளத்தில் வரும் வருமானத்தையும் விவசாய நிலத்தில் வரும் வருமானத்தையும் சேர்த்துக் கணக்கிடக் கூடாது என்று தெளிவாக இருக்கிறது. எட்டு லட்ச வரம்பு 2017-இல் வந்தது. அதற்குள் வருவது வாடகை, வியாபாரம், வட்டி போன்ற பிற வருமானம்தான். அதுவும் தொடர்ந்து மூன்று ஆண்டுகள் வரம்பை எட்டியிருந்தால்தான் கிரீமி லேயர். அரசு ஊழியரின் பிள்ளையென்றால் பெற்றோரின் பதவி எந்தக் குரூப் என்று தனியாகப் பார்ப்பார்கள். நேரடியாக குரூப் ஏ பணியில் சேர்ந்தவர் என்றாலோ, இருவருமே அப்படி குரூப் பி-யில் சேர்ந்தவர்கள் என்றாலோ கிரீமி லேயர். குரூப் சி அதில் வராது. நிலத்துக்கும் பரப்பளவை வைத்துத் தனி வரம்பு உண்டு, எங்கள் நிலம் அதன் பக்கத்தில்கூட வராது.

ஆணையை அச்செடுத்து, அந்த வரிகளுக்கு அடியில் கோடு போட்டுக்கொண்டு, இந்த முறை எழுத்தரிடம் போகாமல் நேராகத் துணைத் தாசில்தாரிடம் போனேன். அவர் நின்றுகொண்டே முழுப் பக்கத்தையும் படித்தார். உட்கார்ந்து இன்னொரு முறை படித்தார். "திரும்ப அப்ளை பண்ணும்மா. இதையும் ஸ்கேன் பண்ணிச் சேர்த்துப் போடு" என்றார். சான்றிதழ் வந்த அன்று அப்பா அதை வீட்டில் எல்லோரிடமும் எடுத்து எடுத்துக் காட்டினார். சம்பளமும் நிலமும் மட்டுமே உள்ள எத்தனையோ வீடுகளில் பிள்ளைகள் இந்தப் பென்சில் கணக்கை நம்பித் திரும்பிப் போயிருப்பார்கள் என்று நினைத்தால் கோபம்தான் வருகிறது.

அதோடு முடியவில்லை. எனக்குச் சான்றிதழ் வந்தது மார்ச் மாதம். "ஒரு வருஷம் செல்லும்" என்றுதான் அலுவலகத்தில் சொன்னார்கள். சேர்க்கையின்போது பல்கலைக்கழகம் ஏற்கவில்லை. ஏப்ரல் 1-க்குப் பிறகு வாங்கியதாக இருக்கவேண்டுமாம், நிதியாண்டுக் கணக்கு. திரும்ப விண்ணப்பித்தேன். பழைய சான்றிதழை இணைத்ததால் சீக்கிரம் கிடைத்தது. ஆகவே கியூட் விண்ணப்பத்துக்கு ஒன்று வாங்கியிருந்தாலும், ஏப்ரல் முதல் வாரத்திலேயே புதிதாக ஒன்றுக்குப் போட்டுவிடுங்கள். மே, ஜூன் மாதங்களில் தாலுகா அலுவலகத்தில் கால் வைக்க இடம் இருக்காது.

அடுத்தது புரொவிஷனல், அதாவது தற்காலிகப் பட்டச் சான்றிதழ். எங்களுடையது தன்னாட்சிக் கல்லூரி. மதிப்பெண் பட்டியலைக் கல்லூரியே கொடுத்துவிட்டது, புரொவிஷனலைப் பல்கலைக்கழகம்தான் தரவேண்டும். கல்லூரியில் கேட்டால் அங்கிருந்து வரவில்லை என்றார்கள். அங்கே போய்க் கேட்டால், "காலேஜ்லருந்து லிஸ்ட்டே வரலையே" என்றார்கள். இதற்காக வெயிலில் பேருந்து ஏறிப் போனது முழுக்க வீண். கடைசியில் முதல்வரிடம் படிப்பை முடித்ததற்கான கடிதம் ஒன்று வாங்கி, புரொவிஷனலைப் பிறகு தருவதாக உறுதிமொழியும் எழுதிக் கொடுத்துத்தான் சேர்ந்தேன். கல்லூரி முத்திரையோடு அந்தக் கடிதத்தை முடிவுகள் வந்த அன்றே வாங்கிவிடுங்கள். டி.சி., மைக்ரேஷன் (வேறு பல்கலைக்கழகத்துக்கு மாறுவதற்கான சான்றிதழ்) இரண்டையும் அசலாகவே கேட்பார்கள். கொடுக்கும் முன் ஸ்கேன் செய்து வைத்துக்கொள்ளுங்கள்.

"பி.ஏ. ஹிஸ்டரி படிச்சா என்ன வேலை கிடைக்கும்?" என்று மூன்று வருடமும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். ஏதாவது ஒரு பட்டம் போதும் என்கிற யு.பி.எஸ்.சி., டி.என்.பி.எஸ்.சி. தேர்வுகளைச் சொல்லி வாயடைக்கலாம்தான். ஆனால் எனக்கு வேண்டியது இந்தப் படிப்பே. பி.ஏ.வில் படித்த பாடத்தில்தான் எம்.ஏ. என்று கட்டாயமும் இல்லை. சமூகவியல், சமூகப்பணி, நூலக அறிவியல் என்று வேறு பட்டக்காரர்களைச் சேர்க்கும் துறைகள் நிறைய இருக்கின்றன. ஒவ்வொரு பல்கலைக்கழகத்தின் தகுதி விவரத்தையும் வரி வரியாகப் படியுங்கள்.

எம்.ஏ. கடைசி வருடத்தில் இருக்கும்போதே, கல்லூரி ஆசிரியர் பணிக்கான தகுதித் தேர்வான யு.ஜி.சி. நெட் எழுதலாம். அதில் ஜே.ஆர்.எஃப். என்ற ஆய்வு உதவித்தொகை கிடைத்து முனைவர் பட்ட ஆய்வில் சேர்ந்தால் முதல் இரண்டு வருடம் மாதம் 37,000 ரூபாய். 2023-இல் 31,000-இலிருந்து உயர்த்தினார்கள். நெட்டுக்கு முதுகலையில் 55 சதவீதம் வேண்டும் என்ற விதியில் ஓபிசிக்கு 50 போதும், ஜே.ஆர்.எஃப். வயது வரம்பிலும் ஐந்து வருடம் தளர்வு உண்டு. அங்கேயும் இதே நான்-கிரீமி லேயர் சான்றிதழைத்தான் கேட்பார்கள். அதனால் அந்த 1993 ஆணையின் நகலைக் கையோடு ஹாஸ்டலுக்கும் எடுத்து வந்திருக்கிறேன். யாருக்காவது தாலுகா அலுவலகத்தில் சம்பளத்தைக் கூட்டி மறுத்தால், அந்த எண்ணை எழுதிக்கொண்டு போய்த் துணைத் தாசில்தாரையே பாருங்கள்.