கேளிக்கைக் கோபுரம்: கிழக்குக் கண்ணாடி ஒருவழியாக விரிசல் விடாமல் ஒட்டியது

நான் செய்துகொண்டிருக்கும் கோபுர மாதிரியில் கிழக்கு முகப்பின் கீழ்ப்பாதி ஒட்டி முடிந்தது. ஒட்டிய கையோடு தம்பட்டம் அடிக்காமல் சில நாள் பொறுத்திருந்தேன், ஏனென்றால் கண்ணாடிக்குப் பதிலாக நான் போடும் இந்த அக்ரிலிக் பிளாஸ்டிக் ராத்திரி பளிச்சென்று இருந்துவிட்டு விடிந்ததும் வாய் பிளக்கிற ரகம். நேற்று அறை விளக்கை அணைத்துவிட்டு, டார்ச்சைச் சாய்த்துப் பிடித்து விளிம்பு விளிம்பாகப் பார்த்தேன். மயிரிழை விரிசல்கூட இல்லை. மாதக்கணக்கில் என்னை இழுத்தடித்த வேலை, அதனால் கொஞ்சம் பீற்றிக்கொள்கிறேன்.

முன்கதை தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக: சென்னை மவுண்ட் ரோட்டில் கேளிக்கைக்கென்றே ஒரு வானளாவி எழும்பினால் எப்படி இருக்கும் என்ற கற்பனைக்கு 1:200 அளவில் மாதிரி செய்துகொண்டிருக்கிறேன். அலுவலகம் கிடையாது, குடியிருப்பு கிடையாது. சினிமா, நாடக அரங்கு, கச்சேரிக் கூடம், விளையாட்டுத் தளம், சாப்பாடு, மேலே ஹோட்டல். 40 மாடி, 180 மீட்டர்; மேசை மேல் 90 சென்டிமீட்டர். தெற்குப் பக்கம் சுவரே இல்லை, உள்ளே நடப்பதெல்லாம் தெரிய வேண்டும் என்பதற்காக. பக்கத்தில் எல்.ஐ.சி. கட்டடத்தை வெறும் மரக்கட்டையாக நிறுத்தியிருக்கிறேன். 1959-இல் திறந்தபோது நாட்டிலேயே உயரமானது அதுதான், 177 அடி. இந்த அளவில் 27 சென்டிமீட்டர்தான் வருகிறது, பாவம். உயர்மாடிக்குத் தளப்பரப்புக் குறியீடு (மனையைப் போல் எத்தனை மடங்கு தளம் கட்டலாம் என்ற அளவு) 3.25 தானே என்று யாரும் விதிப்புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு வர வேண்டாம். கற்பனைக்கு சி.எம்.டி.ஏ. (சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம்) அனுமதி தேவையில்லை.

அதற்காக எல்லாமே என் மண்டையில் உதித்தது என்றும் சொல்ல மாட்டேன். டோக்கியோவின் ஷின்ஜுகுவில் 2023 ஏப்ரலில் திறந்த டோக்கியு கபுகிச்சோ டவர்தான் எனக்குப் பாடப்புத்தகம். 225 மீட்டர், தரைக்கு மேல் 48 மாடி, கீழே 5. அதிலும் அலுவலகம் கிடையாது. சுமார் 1500 பேர் நிற்கக்கூடிய இசைக்கூடம் பாதாளத்தில் இருக்கிறது. 6 முதல் 8ஆம் மாடி வரை 900 இருக்கை அளவில் நாடக அரங்கு, அதற்கு மேல் இரண்டு மாடிகளில் எட்டுத் திரைகள், 18ஆம் மாடியிலிருந்து ஹோட்டல்கள். அதன் குறுக்குவெட்டை வெறித்து வெறித்துப் பார்த்ததில் எனக்குப் பிடிபட்ட சூத்திரம் இதுதான்: குதிக்கிற கூட்டம் மண்ணுக்குள், உட்காருகிற கூட்டம் நடுவில், தூங்குகிற கூட்டம் உச்சியில்.

இந்த வரிசையை மாற்றிப் போட்டால் என்ன ஆகும் என்று கேட்பவர்களுக்கு சியோல் கதை ஒன்று போதும். 2011 ஜூலையில் அங்கே டெக்னோமார்ட் வளாகத்தின் 39 மாடிக் கட்டடம் பத்து நிமிடம் ஆடியது. நிலநடுக்கம் இல்லை, புயல் இல்லை. 12ஆம் மாடி உடற்பயிற்சிக் கூடத்தில் இருபது பேர் அளவில் டே-போ என்ற, தாளத்துக்குக் குத்தும் உதையும் விடுகிற பயிற்சி செய்திருக்கிறார்கள். அவர்கள் கால் வைத்த தாளம் கட்டடத்தின் இயல்பான அதிர்வோடு ஒத்துப்போய்விட்டது என்று ஆராய்ந்தவர்கள் முடிவு சொன்னார்கள். இருபது பேருக்கே இந்தக் கதி என்றால் நம் ஊர் கானா கச்சேரிக்கு 1500 பேர் எழுந்து நின்று ஆடினால்? என் கச்சேரிக் கூடமும் பாதாளத்துக்குப் போய்விட்டது. மேசையில் துளை போட்டு மாதிரியை 9 சென்டிமீட்டர் கீழே இறக்கியதற்குக் காரணம் இதுதான். வீட்டில் இன்னும் அந்த மேசையைப் பற்றிப் பேச்சு ஓயவில்லை.

டோக்கியோவிலிருந்து நான் விலகியது வெயில் விஷயத்தில். சென்னையில் மேற்கு முகம் முழுக்கக் கண்ணாடி போடுகிறவர்களை என்ன சொல்ல? சினிமாவுக்கும் நாடகத்துக்கும் ஜன்னலே வேண்டாம். ஆகவே இந்த இருட்டுப் பெட்டிகளையெல்லாம் மேற்கில் தள்ளிவிட்டேன். அவை முடிகிற உயரத்துக்கு மேல் லிஃப்ட், படிக்கட்டு, கழிப்பறை எல்லாம் மேற்கோரமாகவே ஏறுகின்றன. கட்டடக் கலைஞர் கென் யாங் மலேசியாவில் 1992-இல் முடித்த மெனாரா மெசினியாகா என்ற கோபுரத்தில் லிஃப்ட்டையும் படியையும் வெயில் அறைகிற பக்கம் நிறுத்திய யோசனையேதான். அங்கே அது கிழக்கு, இங்கே மேற்கு. ஹோட்டல் அறைகள் கிழக்கே கடலைப் பார்க்கும். மேற்கின் மொட்டைச் சுவரை என்ன செய்வது என்று யோசிக்கவே தேவையில்லை. மவுண்ட் ரோட்டில் பெரிய சுவர் கிடைத்தால் அங்கே பேனர்தான் வரையவேண்டும், அதுவும் கையால்.

சரி, அக்ரிலிக். கிழக்கு முகப்பு என்பது 2 மி.மீ. தெளிவான ஷீட், அதன் மேல் செங்குத்தாக நிற்கிற மெல்லிய பட்டைகள். ஒவ்வொரு பட்டையும் ஷீட்டோடு ஒட்டுவது தன் 2 மி.மீ. ஓரத்தால் மட்டுமே. இன்ஸ்டன்ட் பசை இங்கே ஆகாது. அதன் ஆவி படிந்து சுற்றிலும் வெள்ளைப் புகை பூத்துவிடும், நம் ஊர் ஈரக்காற்றில் அது இன்னும் மோசம். மிஞ்சுவது குளோரோஃபார்ம், அக்ரிலிக்கையே கரைத்து ஒட்டவைக்கிற கரைப்பான். இன்சுலின் சிரிஞ்சில் எடுத்து இடுக்கின் ஒரு முனையில் துளி விட்டால் போதும், மீதித் தூரத்தை அதுவே ஓடிக் கடந்துவிடும். ஜன்னலைத் திறந்து, ஃபேனை வெளிப்பக்கம் திருப்பி வைத்துவிட்டுத்தான் செய்ய வேண்டும். துணி மாஸ்க் இதற்கு உதவாது, ஆவியைப் பிடிக்கிற கார்ட்ரிட்ஜ் வைத்ததுதான் வேண்டும்.

ஒட்டுவது அழகாகத்தான் ஒட்டும். கொஞ்ச நேரத்தில் பட்டையின் ஓரத்திலிருந்து நூல் நூலாக விரிசல் உள்ளே இறங்கும். பார்த்துக்கொண்டிருக்கும்போதே இறங்கும்! குளோரோஃபார்மை மாற்றிப் பார்த்தேன், சொட்டைக் குறைத்துப் பார்த்தேன், ஏ.சி. போட்டு ஈரத்தைக் குறைத்துப் பார்த்தேன். எதற்கும் மசியவில்லை. பட்டைகளை லேசரில் வெட்டித் தருகிறவரிடம் காட்டினால், "கட்டிங் சுத்தமாத்தானே சார் இருக்கு, ஓரம் எப்படிப் பளபளக்குது பாருங்க" என்றார். அந்தப் பளபளப்பில்தான் சங்கதியே இருக்கிறது. லேசர் சூட்டில் ஓரம் உருகி உடனே குளிர்கிறது, குளிர்ந்து சுருங்கப் பார்க்கிறது, உருகாத நடுப்பகுதி விடமாட்டேன் என்கிறது. அந்த இழுபறி அப்படியே ஓரத்தில் உறைந்துபோகிறது. கரைப்பான் பட்டதும் இழுபறி விரிசலாக வெளியே வருகிறது. ரம்பத்தில் அறுத்து உப்புத்தாளில் தேய்த்த துண்டு அசிங்கமாக இருந்தாலும் விரிசல் விடாததை வைத்துத்தான் இது உறுதியானது.

மருந்து, சூடேற்றி மெல்ல ஆறவிடுவது. சுமார் 80 டிகிரியில் இரண்டு மணி நேரம், அப்புறம் அடுப்பைத் திறக்காமல் தானாகக் குளிரவிட வேண்டும். கேட்க எளிது. வீட்டு ஓ.டி.ஜி.யின் (கேக் சுடுகிற மின் அடுப்பு) திருகில் எண்ணே 100-இல்தான் தொடங்குகிறது. அந்தச் சூட்டுக்குப் போனால் பட்டை நெளிய ஆரம்பித்துவிடும். அதனால் மேல் காயிலை அணைத்துவிட்டு, கீழ்த்தட்டில் பழைய இரும்புத் தோசைக்கல்லைப் படுக்க வைத்தேன். காயில் அணைந்து அணைந்து எரிந்தாலும் கல் சூட்டைத் தாங்கிப் பிடித்துச் சமமாக்குகிறது. கல்லுக்கு மேல் கம்பித்தட்டு, அதில் தட்டையான ஓடு, அதன் மேல் காகிதம் உரித்த பட்டைகள், பக்கத்தில் ஓவன் தெர்மாமீட்டர். திருகை 100-க்குக் கீழே எண் இல்லாத இடத்தில் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தி 75-க்கும் 80-க்கும் நடுவே முள் நிலைக்கிற இடத்தைக் கண்டுபிடித்து பெயின்டால் புள்ளி வைத்துவிட்டேன். அம்மா வந்து எட்டிப் பார்த்துவிட்டு, "பிளாஸ்டிக்கை வேகவெச்சு யாருக்குடா பரிமாறப் போற?" என்றார். அந்தத் தோசைக்கல் இனி சமையலறைக்குத் திரும்பப் போவதில்லை என்பதை இன்னும் அவரிடம் சொல்லவில்லை.

அடுப்பால் ஒரு லாபமும் உண்டு. கிழக்கே பார்க்கும் ஹோட்டல் முகப்பு மொத்தம் 50 சென்டிமீட்டர் உயரம், ஓ.டி.ஜி.க்குள் 30-க்கு மேல் நுழையாது. வேறு வழியில்லாமல் முகப்பை இரண்டாக வெட்ட வேண்டியிருந்தது. எங்கே வெட்டுவது? தேசியக் கட்டட விதித்தொகுப்பின்படி 24 மீட்டரைத் தாண்டினால் தீ நேரத்தில் ஒதுங்கி நிற்க ஓர் இடம் விட வேண்டும், 39 மீட்டருக்கு மேல் போனால் 15 மீட்டருக்கு ஒன்று. அந்த ஒதுங்கு தளங்களில் ஒன்றின் மேலேயே வெட்டினேன். இப்போது அது இணைப்பு மாதிரியே தெரியவில்லை, வேண்டுமென்றே விட்ட இடைவெளி மாதிரி இருக்கிறது.

ஷீட் வாங்குகிறவர்கள் கவனிக்க: காஸ்ட் (அச்சில் வார்த்த) அக்ரிலிக்தான் வேண்டும் என்று அடித்துக் கேளுங்கள். எக்ஸ்ட்ரூடட் (பிதுக்கி எடுத்த) ரகம் மலிவு, ஆனால் கரைப்பான் பட்டால் சீக்கிரம் விரிசல் விடும். பாரிமுனைப் பக்கம் ஒரு கடையில் "எல்லாம் ஒண்ணுதான் சார்" என்று கையில் திணித்தார்கள். ஒன்றில்லை. மூலையில் லேசரால் ஒரு கோடு செதுக்கச் சொல்லிப் பாருங்கள்: வெள்ளையாகப் பூத்தால் காஸ்ட், கண்ணாடியாகவே இருந்தால் மற்றது. ஹோட்டல் தளங்களுக்கு 3 மி.மீ. சன்போர்டு (நுரைப் பிளாஸ்டிக் அட்டை) வேண்டாம், இந்த அளவில் அது 60 சென்டிமீட்டர் கனமான தளம் ஆகிவிடும். 1 மி.மீ. ஏ.பி.எஸ். பிளாஸ்டிக் ஷீட் போடுங்கள், அதையும் குளோரோஃபார்மே ஒட்டிவிடும். விளக்குக்கு ரிச்சி தெருவை விட்டால் கதியில்லை. வார்ம் ஒயிட் எல்.இ.டி. சுருள் வாங்கும்போது கடையிலேயே இரண்டு சுருளையும் ஒன்றாக எரியவிட்டுப் பாருங்கள். ஒன்று மஞ்சள், ஒன்று இளஞ்சிவப்பு என்று வந்தால் ஹோட்டல் வேறு மாதிரியான ஹோட்டல் ஆகிவிடும்.

மேல்பாதி இன்னும் ஒட்டவில்லை, அதற்குள் மனசு லிஃப்ட்டுக்குப் போய்விட்டது. 900 பேர் அரங்கு ஒரே நேரத்தில் விடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 20 பேர் ஏறுகிற லிஃப்ட் நான்கு, ஒவ்வொன்றும் போய்வர இரண்டு நிமிடம். நிமிடத்துக்கு 40 பேர், கடைசி ஆள் தெருவுக்கு வர 22 நிமிடத்துக்கு மேல். ஒரு மீட்டர் அகல நகரும் படிக்கட்டு மணிக்கு 6000 பேர் வரை இறக்கும் என்பதால் அதே கூட்டத்துக்கு அது ஒன்பது நிமிடம்தான். ஆகவே அரங்குகளிலிருந்து தரை வரை நகரும் படி கட்டாயம். ஆனால் தீ நேரத்தில் அதை வெளியேறும் வழியாகக் கணக்கில் சேர்க்க முடியாது, சாதாரணப் படிக்கட்டும் தனியாக வேண்டும், அதற்கு இடம் மேற்கோரத்தில் கடன் வாங்க வேண்டும்.

இதில் டோக்கியோவுக்கு இல்லாத தலைவலி நமக்கு உண்டு: இடைவேளை. பாதிப் படத்தில் மொத்தக் கூட்டமும் எழுந்து பாப்கார்னுக்கும் கழிப்பறைக்கும் ஒரே பத்து நிமிடத்தில் வரும். என் லாபி அதற்குப் போதவில்லை, ஒரு மாடி உயரத்தைத் தியாகம் செய்து நடுவில் பலகணி மாதிரி இன்னொரு அடுக்கு போடலாமா என்று பார்க்கிறேன். இல்லையென்றால் எட்டுத் திரைக்கும் காட்சி நேரத்தைக் கால்மணி கால்மணியாகத் தள்ளிப் போட்டுக் கூட்டத்தைப் பிரிக்கலாம். அந்தக் காலத்து சஃபையர் வளாகம் இதே சாலையில்தான் இருந்தது, 1964-லேயே ஒரே இடத்தில் மூன்று அரங்குகள். அதில் ப்ளூ டைமண்டில் தொடர் காட்சி ஓடும், எப்போது வேண்டுமானாலும் உள்ளே போகலாம், வரலாம். கூட்டம் ஒரே அடியாக வெளியே கொட்டாமல் இருக்க அதைவிடச் சுலபமான வழி எனக்குத் தெரியவில்லை. ஒரு திரையையாவது அப்படி வைத்து, அதற்கு மட்டும் சின்ன லாபி கொடுத்தால் மிச்சமாகும் இடத்தை மற்ற ஏழுக்கும் பிரித்துக்கொள்ளலாம்.

இந்த வாரம் மேல்பாதிப் பட்டைகள் அடுப்பேறும். நகரும் படிக்கட்டை 1:200-இல் எப்படிச் செய்வது என்றுதான் விளங்கவில்லை: ஒரு படியில் கால் வைக்கிற ஆழம் சுமார் 2 மி.மீ.தான் வரும். ரயில் மாதிரி செய்கிறவர்கள் பயன்படுத்தும் பல்வரிப் பிளாஸ்டிக் ஷீட் சரிவருமா என்று பார்க்க வேண்டும். சென்னையில் அது எங்கே சில்லறையாகக் கிடைக்கும் என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள், முழுக்கட்டு வாங்கினால் கட்டுப்படியாகாது.