ஜன்னலுக்கு மேலே ஒரு சந்து

காசிமேட்டிலிருந்து எண்ணூர் வரை கடலோரத்தில் கட்டட வேலை பார்க்கிறவர்களுக்கு வடகிழக்குப் பருவமழையின் குணம் தெரியும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை மழை மேலிருந்து மட்டும் விழாது. கடல் பக்கமிருந்து சாய்ந்து வந்து சுவரில் அறையும். வெளிச்சுவரில் அடிக்கும் பலகைப் பரப்பு அதைத் தாங்கிவிடும். தண்ணீர் உள்ளே நுழையப் பார்ப்பதெல்லாம் ஜன்னல், கதவு ஓரங்களில்தான்.

வெளிச்சுவருக்கு ஃபைபர் சிமென்ட் பலகை அடிப்பது என் தொழில். செங்கல் பாரம் தாங்காத பழைய கட்டடங்களின் மொட்டை மாடியில் இரும்புச் சட்டம் நிறுத்தி, பலகை அடித்து அறை எழுப்புகிறோம். பலகை வேலை மளமளவென்று ஓடிவிடும். ஜன்னலைச் சுற்றி வரும் ஓரப்பட்டைக்குத்தான் நேரம் பிடிக்கும். வீட்டுக்காரர்கள் பலர் அதை அழகுக்கு என்று நினைக்கிறார்கள். என்னைக் கேட்டால் வீட்டைக் காப்பதே அதுதான்.

பட்டைக்கு முன்னால், நிலையைச் சுற்றி நீர் தடுக்கும் டேப் ஒட்ட வேண்டும். கீழ்ப்பக்கம் முதலில், பிறகு இரண்டு பக்கமும், கடைசியில் தலைப்பக்கம். ஓடு வேய்வதுபோல, மேலே இருப்பது கீழே இருப்பதன் மீது ஏறியிருக்க வேண்டும். வரிசை மாறினால் எத்தனை விலை உயர்ந்த டேப்பும் தண்ணீரை உள்ளேதான் அனுப்பும்.

தலைப்பட்டையின் முதுகில் மடித்த தகடு ஒன்று வரும். அதன் மேல்மடிப்பு, பலகைக்கு உள்ளே சுவரில் ஒட்டிய ஈரத்தடுப்புத் தாளுக்குப் பின்னால் போக வேண்டும். தகட்டுக்கு வெளிப்பக்கம் வாட்டம், அதாவது சரிவு வேண்டும். முன்விளிம்பு பட்டையைத் தாண்டிக் கீழே மடிந்திருந்தால் தண்ணீர் பட்டையில் வழியாமல் விலகிச் சொட்டும். சன்ஷேடுக்கு அடியில் கொத்தனார் இழுக்கும் கோடும் இதற்காகத்தான். மண்ணடியின் பழைய வீடுகளில் ஜன்னலுக்கு மேல் துருத்தி நிற்கும் கார்னிஸைப் பார்க்கும்போதெல்லாம், சுண்ணாம்பில் இதே வேலையைச் செய்த அந்தக் கைகள் மேல் மரியாதை வரும்.

தகட்டுக்கும் அதற்கு மேலே வரும் பலகைக்கும் நடுவே சுமார் 6 மி.மீ. சந்து விடுவோம். அதில் இடைவெளி அடைக்கும் பசையான சீலண்ட் அடிக்கவே கூடாது. திருவொற்றியூரில் ஒரு வீட்டு ஆயா கீழேயிருந்து பார்த்துவிட்டு, "இன்னாப்பா, சந்த மூடாம வுட்டுட்ட? தண்ணி பூந்துடாதா?" என்றார்.

"பூந்த தண்ணி வெளிய வரத்தான் ஆயா அது. அத்த அடச்சா உள்ளதான் எறங்கும்."

உண்மை அதுதான். பலகைக்குப் பின்னால் கொஞ்சம் தண்ணீர் எப்படியும் போகும். அது தாளில் வழிந்து, தகட்டில் விழுந்து, அந்தச் சந்தின் வழியாக வெளியேறும். அடைத்துவிட்டால் அங்கேயே தேங்கிப் பலகையின் வெட்டு விளிம்பை ஊறவைக்கும்.

பக்க இடைவெளிகளுக்குச் சீலண்ட் உண்டு. அகலமான இடைவெளியில் முதலில் நுரைக்கயிறு திணிக்க வேண்டும். சீலண்ட் இரண்டு ஓரங்களில் மட்டும் பிடிக்க வேண்டும். பின்புறமும் ஒட்டிக்கொண்டால், வெயிலில் ஜன்னலின் யுபிவிசி பிளாஸ்டிக் சட்டம் நீண்டு சுருங்கும்போது கிழிந்துவிடும்.

உப்புக்காற்றில் ஜிஐ, அதாவது துத்தநாகம் பூசிய இரும்பு ஸ்குரு துருப்பிடித்துச் சுவரெல்லாம் கோடு இறக்கும். துருப்பிடிக்காத எஃகில் எஸ்எஸ் 304 ரகம் ஓரளவு தாங்கும். கடலுக்கு எதிரே 316 போடுவதே நல்லது. அதிலுள்ள மாலிப்டினம் உப்பை எதிர்த்து நிற்கும். செலவைக் குறைக்கச் சொன்னால் பட்டையின் அகலத்தைக் குறைப்பேன், ஸ்குருவில் கை வைக்க மாட்டேன். பலகை அறுக்கும் தூசியில் சிலிக்கா இருக்கிறது. அது நுரையீரலைக் கெடுக்கும். மாஸ்க் போடாத பையனை நான் கிரைண்டர் தொட விடுவதில்லை.

முடித்ததும் ஹோஸ் பிடித்துத் தண்ணீர் அடித்துப் பார்க்க வேண்டும். புதிதாக வருகிறவர்கள் நேரே ஜன்னல் தலையில் அடிப்பார்கள். அப்போது உள்ளே ஈரம் தெரிந்தாலும் எங்கே கோளாறு என்று தெரியாது. கீழ்விளிம்பில் தொடங்கி மெல்ல மேலே ஏறினால், ஒழுகும் மட்டம் அங்கேயே தெரிந்துவிடும். இதையெல்லாம் சாரம் பிரிப்பதற்கு முன்பே செய்துவிட வேண்டும்.