கவிழ்த்து வைத்த துரும்பும் நாலு பூட்டும்

எங்கள் வீட்டு விறாந்தையில் 304 என்ற கடதாசி ஆட்டம் அடித்த நாலு பேரும் இப்போது நாலு ஊரில். நான் கல்லடியில், மச்சான் கல்முனையில், மற்ற இருவர் கொழும்பிலும் டோஹாவிலும். ஃபோனில் விளையாட நானே ஒரு செயலி எழுதினேன். முதல் நாளே மச்சான் மடக்கினான்: "கடதாசியைக் கலைக்கிறது உன்ட கம்பியூட்டர். எனக்கு என்ன வந்திருக்கு எண்டு உனக்குத் தெரியாதா?" தெரியும்தான். 32 கடதாசியும் வரிசையாக என் திரையில் கிடக்கும்.

துரும்பிலிருந்து தொடங்கினேன். துரும்பு என்பது மற்ற இனங்களை வெட்டும் இனத்தைக் காட்டும் கடதாசி; ஏலம் கேட்டவர் அதைக் கவிழ்த்து வைப்பார். மற்றவருக்குத் தெரியாது, அவருக்கும் மாற்ற வழியில்லை. இதற்கு எஸ்எச்ஏ-256 (எதைப் போட்டாலும், திரும்ப அவிழ்க்க முடியாத ஒரு நீண்ட எண்ணாக மாற்றும் கணக்கு) போதும் என்று நினைத்து, கடதாசியின் பெயரை அதில் போட்டு வந்ததை எல்லோருக்கும் அனுப்பினேன். பத்து நிமிடத்தில் மச்சானின் செய்தி: "கலாவரை ஒன்பது." இருப்பதே 32 கடதாசி. எல்லாவற்றுக்கும் கணக்குப் போட்டு ஒப்பிட்டிருக்கிறான், படுபாவி. சரி என்று பெயரோடு 128 பிட் தற்செயல் எண்ணையும் சேர்த்தேன். துரும்பைத் திறக்கும்போது அந்த எண்ணையும் காட்ட வேண்டும். அதற்குப் பிறகு அவன் வாய் திறக்கவில்லை.

கலைப்பதுதான் ஒரு மாதத்தைத் தின்றது. யாரும் மற்றவர் கையைப் பார்க்காமல் கலைத்துப் போட, ஷமிர், ரிவெஸ்ட், ஏடல்மன் என்ற மறையீட்டு ஆய்வாளர் மூவரும் 1979இல் வழி சொல்லியிருக்கிறார்கள். ஒவ்வொருவரும் எல்லாக் கடதாசிக்கும் தன் பூட்டைப் போட்டு, கலைத்து, அடுத்தவருக்கு அனுப்ப வேண்டும். கடதாசி என்பது ஓர் எண்; அதை இரகசிய அடுக்குக்கு உயர்த்தி, பெரிய பகா எண் ஒன்றால் வகுத்த மீதியை எடுப்பதுதான் பூட்டு. எந்த ஒழுங்கில் கழற்றினாலும் கணக்குச் சரிவரும். எனக்கு வரும் கடதாசியில் மற்ற மூவரும் தங்கள் பூட்டைக் கழற்றித் தருவார்கள், கடைசிப் பூட்டு என்னுடையது.

ஓடியது! ஆனால் நான் கடதாசிகளுக்கு 2 முதல் 33 வரை எண் கொடுத்திருந்தேன். பூட்டிய 2ஐயும் பூட்டிய 3ஐயும் பெருக்கினால் பூட்டிய 6 வந்து நிற்கிறது. போதாததற்கு, வர்க்க எச்சமான எண் (ஏதோ ஓர் எண்ணின் வர்க்கத்தை அந்தப் பகா எண்ணால் வகுத்தால் வரும் மீதி) பூட்டிய பிறகும் வர்க்க எச்சம்தான்; பூட்டைத் திறக்காமலே கடதாசியைப் பற்றித் துப்புக் கிடைத்துவிடும். இதை லிப்டன் என்பவர் எப்போதோ காட்டிவிட்டார். கடைசியில் கடதாசியின் பெயரிலிருந்து பெரியதோர் எண்ணை உண்டாக்கி, அதை வர்க்கமாக்கிப் பயன்படுத்தினேன். இரண்டு ஓட்டையும் அடைபட்டன.

அடைபடாதது ஒன்று இருக்கிறது. ஒருவரின் லைன் அறுந்தால் அவருடைய பூட்டும் அவரோடு போய்விடும், ஆட்டத்தைக் கலைத்துத் திரும்பப் போட வேண்டியதுதான். போன சனி இரவு மூன்றாம் பிடியில் மச்சான் காணாமல் போனான். "கரண்ட் போயிற்று, மறுகா வாறன்" என்று செய்தி. 304இல் ஜாக்தான் பெரிய கடதாசி; என் கையில் மூன்று ஜாக் இருந்த ஆட்டம் அது.