கணக்கு கேட்டால் கோபம்

பொதுப் பணத்துக்குக் கணக்கு கேட்டால் சிலருக்கு உடனே குரல் உயர்ந்துவிடும். "என்னைப் போய்ச் சந்தேகப்படுறீங்களா? இத்தனை வருஷம் உழைச்சதுக்கு இதுதான் மரியாதையா?" கண் கலங்கும். கொஞ்ச நேரத்தில் கேட்டவரே மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருப்பார். ரசீது மட்டும் கடைசிவரை வராது.

எனக்கு ஆத்திரம் வருவதே இங்கேதான். "தப்பாப் பேசிட்டோமோ" என்று பதறுகிற நல்ல மனசுக்காரர்களிடம்தான் இந்த வித்தை பலிக்கிறது.

உளவியலாளர் ஜெனிஃபர் ஃபிரெய்ட் 1997இல் இதற்கு 'டார்வோ' என்று பெயர் வைத்தார். முதலில் மறுப்பது, பிறகு கேட்டவர் மேலேயே பாய்வது, கடைசியில் பாதிக்கப்பட்டதே நான்தான் என்று நிற்பது. 2020இல் சாரா ஹார்சியுடன் சேர்ந்து அவர் வெளியிட்ட ஆய்வில், இந்த உத்தி உண்மையில் பாதிக்கப்பட்டவர் மீதான நம்பிக்கையைக் குறைத்தது தெரிந்தது. முன்பே இதைப் பற்றி அறிந்திருந்தவர்களிடம் அவ்வளவாக எடுபடவில்லை.

பொய்ப்பழி விழுந்தவரும் கொதிப்பார்தான், அது நியாயம். ஆனால் கொதித்துக்கொண்டே பில்லை எடுத்து மேசையில் போடுவார்.

சுற்றி நிற்பவர்களே, "விடுங்க, பாவம், மனசு நொந்துட்டார்" என்று சமாதானத்துக்கு வராதீர்கள். "இவர் கேட்டதுக்குப் பதில் சொல்லுங்க" என்று நீங்களும் ஒரு வார்த்தை கேளுங்கள்.